மத்த நாள் உலக்கை

எழுபதுகளின் கடைசியில் கோவில்பட்டிக்கு உலகச் செய்தி வந்து சேர்ந்த வழிகள் கொஞ்சம்தான். காலையில் வந்து இறங்கும் தினத்தந்தி, தினமணிக் கட்டுகள். பகலில் திருநெல்வேலி வானொலி, இரவில் இலங்கை வானொலி. தீப்பெட்டி பண்டல் ஏற்றிக்கொண்டு வடக்கே போய்வரும் லாரிக்காரர்கள். சிங்கப்பூரிலிருந்து விடுப்பில் வருகிறவர்கள் கொண்டுவரும் டூ-இன்-ஒன் பெட்டிகளும், அவற்றோடு சேர்ந்து வரும் கதைகளும். இவை அத்தனையும் கடைசியில் வந்து கூடும் இடம் என் தாய்மாமாவின் ரேடியோ ரிப்பேர் கடை.

அம்மா தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தாள். பள்ளிக்கூடம் விட்டதும் நான் மாமா கடைக்குப் போய்விட வேண்டும். அம்மா வந்து கூட்டிப்போகும்வரை அங்கேதான் வீட்டுப்பாடம். கடை சின்னது. முதுகைத் திறந்து வைத்த ரேடியோக்கள் ஒரு பக்கம், ஸ்பீக்கர் பெட்டிகள் ஒரு பக்கம், நடுவில் மாமாவின் மேசை. சால்டரிங் பேஸ்ட் உருகும் வாசனை எப்போதும் இருக்கும். வாசலில் ஒரு நீள பெஞ்சு. அந்தப் பெஞ்சில்தான் நான் படித்ததில் பெரும்பகுதியைப் படித்தேன் என்று இன்றைக்கும் சொல்லுவேன்.

பெஞ்சுக்கு வருகிறவர்கள் அநேகமாக ஒரே ஆட்கள். தீப்பெட்டி ஆபீசில் மருந்து கலக்கும் அண்ணாச்சி. மில்லில் ஃபிட்டராக இருந்த ஒருவர். பக்கத்துக் கடை ஆசாரி. தங்க வேலை செய்கிறவர், தராசு இல்லாமல் பேசமாட்டார். உயர்நிலைப் பள்ளி அறிவியல் வாத்தியார். அவரை எல்லாரும் சார் என்றே கூப்பிடுவார்கள். இவர்களில் பட்டம் வாங்கியவர் சார் ஒருவர்தான். ஆனால் ஒவ்வொருவர் கையிலும் ஒரு தொழில் இருந்தது. பேப்பரில் ஒரு அதிசயச் செய்தி வந்தால் அதை அவரவர் தொழிலால் தொட்டுப் பார்ப்பார்கள். கடைசியில் மாமா, "பாத்துருவோமே" என்பார். அந்தச் சொல்லுக்குப் பிறகு எதுவும் வெறும் பேச்சாக நிற்காது.

எனக்கு நினைவு தெரிந்து பெஞ்சை ஆட்டிய முதல் செய்தி ஸ்கைலாப். அமெரிக்கர்கள் 1973 மே மாதம் விண்ணில் ஏற்றிய ஆய்வுக்கூடம் அது. எடை 77 டன்னுக்குப் பக்கம். 1974 பிப்ரவரியில் கடைசி மூன்று பேரும் இறங்கி வந்தபிறகு ஆளில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. சூரியனின் சீற்றம் எதிர்பார்த்ததைவிட அதிகமாகி, பூமியின் மேல்வளி மண்டலம் சூடேறி வீங்கி, அதில் உரசி உரசி ஸ்கைலாப் கீழே வந்துகொண்டிருந்தது. 1979 ஜூலையில் விழும், எங்கே விழும் என்று சொல்ல முடியாது என்றது வானொலி. எங்கள் தெருவில் ரெண்டு வீட்டில் வளர்த்த கோழியை அடித்துக் குழம்பு வைத்துவிட்டார்கள். இருக்கும்வரை சாப்பிட்டுவிடுவோம் என்ற எண்ணம். தீப்பெட்டி ஆபீசிலும் பெண்கள் வேலைக்கு வரத் தயங்கினார்கள். ஓட்டுக் கூரையின் கீழே மருந்தை வைத்துக்கொண்டிருக்கிற இடத்தில் அந்தப் பயம் நியாயமானது.

சார் மறுநாள் பள்ளிக்கூடத்திலிருந்து பூமி உருண்டையைக் கொண்டுவந்தார். மாமா என் கண்ணைக் கட்டினார். உருண்டையைச் சுழற்றிவிட்டு, "ஏட்டி மருமகளே, வெரல வை" என்றார். வைத்தேன். கடல். மறுபடி சுழற்றினார். கடல். பெஞ்சில் இருந்த ஒவ்வொருவரும், பிறகு தெருவில் போன பிள்ளைகளும் வந்து வைத்தார்கள். தரையில் விழுந்த விரல்களும் பாலைவனத்திலோ பனிப்பரப்பிலோ காட்டிலோ விழுந்தன. பூமியில் 71 சதவீதம் தண்ணீர் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். அது என் விரலுக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான். யாரோ ஒரு மனிதர்மேல் துண்டு விழ 152-ல் ஒரு பங்கு வாய்ப்பு என்று நாசா கணக்கிட்டிருந்தது. அந்த யாரோ ஒருவர் கோவில்பட்டியில் நம் தெருவில் நிற்கிறவராக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று பார்த்தால் பயப்பட எதுவுமில்லை. ஜூலை 11-ஆம் தேதி ஸ்கைலாப் இந்தியப் பெருங்கடலிலும் மேற்கு ஆஸ்திரேலியாவில் எஸ்பெரன்ஸ் என்ற ஊர்ப் பக்கத்திலும் சிதறியது. ஒருவருக்கும் காயமில்லை. குப்பை போட்டதற்காக அந்த ஊர் நிர்வாகம் நாசாவுக்கு 400 டாலர் அபராதம் விதித்த செய்தி வந்தபோது, பெஞ்சில் அதைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள்.

அடுத்த வருடம், 1980 பிப்ரவரி 16, சனிக்கிழமை, சூரிய கிரகணம். முழுக் கிரகணத்தின் பாதை கர்நாடகம், ஆந்திரம் வழியாக ஒரிசாவுக்குப் போனது. நமக்குப் பாதிக்கு மேல் மறையும் பகுதிக் கிரகணம். மத்தியானத்துக்கு மேல் தெருவில் ஒரு ஆள் இல்லை. மாமாவின் அம்மா, என் ஆச்சி, வீட்டு முற்றத்தில் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, அதன் நடுவில் உலக்கையை நட்டுக்குத்தாக நிறுத்தினாள். பிடியை விட்டாள். நின்றது. எந்தப் பக்கமும் சாயாமல், யாரும் பிடிக்காமல், நாலடிக்கு மேல் உயரமுள்ள உலக்கை தண்ணீரில் நின்றது. கிரகணம் பிடித்திருக்கும்வரை நிற்கும், விட்டால் விழுந்துவிடும் என்பார்கள். இப்படி நிறுத்துவது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உண்டு. நான் மூச்சுவிடப் பயந்துகொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமா அந்த நேரத்தில் கொல்லைப்பக்கம் வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். என்னைக் கூப்பிட்டார். வீட்டுக்குள் வரச்சொல்லி ஆச்சி சத்தம் போடப்போட நான் ஓடினேன். மரத்தடி மண்ணில், இலைகளுக்கு நடுவே விழுந்த வெளிச்சம் முழுக்கப் பிறைப் பிறையாகக் கிடந்தது. நூற்றுக்கணக்கில். காற்றில் இலை அசைந்தால் பிறைகள் எல்லாம் சேர்ந்து அசைந்தன. இவ்வளவு அழகான ஒன்றை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. மாமா ஒரு ரேடியோ பெட்டியின் அட்டையில் ஆணியால் ஓட்டை போட்டு வெள்ளைக் காகிதத்தின்மேல் பிடித்தார். அதிலும் ஒரு பிறை. வானத்தை நிமிர்ந்து பார்க்காமலே கிரகணத்தைப் பார்த்தோம்.

அன்றைக்கு உலக்கை விழவில்லை. கிரகணம் விட்டபிறகு ஆச்சியே எடுத்துச் சாத்தி வைத்தாள். மறுநாள் காலை மாமா முற்றத்துக்கு வந்தார். "ஆத்தா, அந்த உலக்கைய இன்னைக்கு ஒரு தடவ நிறுத்திப் பாக்கட்டா?" என்று கேட்டார். ஆச்சி கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அவளே தாம்பாளத்தை எடுத்து வந்தாள், தண்ணீர் ஊற்றினாள், உலக்கையைத் தூக்கி நிறுத்தினாள், கையை எடுத்தாள். நின்றது. தண்ணீரைக் கொட்டிவிட்டு வெறும் தாம்பாளத்திலும் நிறுத்தினாள். நின்றது.

உலக்கையின் அடியில் இரும்புப் பூண் இருக்கிறது. அதன் விளிம்பு சமமாகத் தேய்ந்திருந்தால், நேராக நிறுத்துகிற பொறுமை இருந்தால், எந்த நாளிலும் நிற்கும். சார் இதை எடைமையம் என்று படம் போட்டு விளக்கினார். ஆனால் எனக்கு நின்றுபோன வார்த்தை ஆச்சி சொன்னதுதான். "எங்க ஆத்தா கிரகணத்தன்னிக்குத்தான் நிறுத்துனா. மத்த நாள்ல நிறுத்திப் பாக்க அவளுக்கு ஏது நேரம்?" என்றாள். அவள் குரலில் வருத்தமோ தோற்ற உணர்வோ இல்லை. மத்த நாளெல்லாம் உலக்கைக்கு வேலை இருந்தது. கம்பும் சோளமும் குத்தவேண்டி இருந்தது. கிரகணத்தன்று ஒருநாள்தான் அது சும்மா இருந்தது, அவளும் சும்மா இருந்தாள்.

மத்த நாள் என்பது அன்றிலிருந்து எனக்கு ஒரு அளவுகோல். ஒரு அதிசயம் நடந்தது என்றால், அது நடக்கக்கூடாத நாளில் நடக்கிறதா, நடக்கக்கூடாத இடத்தில் நடக்கிறதா என்று பார்க்கவேண்டும். அந்தச் சோதனையில் சில அதிசயங்கள் சாதாரணம் ஆகிவிடும். வேப்பமரத்தடியில் எனக்கு இதற்கு நேர்மாறாக நடந்தது. கிரகணம் முடிந்து சில நாள் கழித்து அதே மரத்தடியில் போய் நின்றேன். மண்ணில் வட்ட வட்டமாக வெளிச்சம் கிடந்தது. இலையிடுக்குகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கோணல். ஆனால் விழுந்த வெளிச்சம் எல்லாம் வட்டம். ஏனென்றால் அவை ஓட்டையின் வடிவம் இல்லை, சூரியனின் படம். பிறந்ததிலிருந்து அந்த மரத்தடியில் விளையாடியிருக்கிறேன். தினமும் நூறு சூரியன்களை மிதித்துக்கொண்டு ஓடியிருக்கிறேன். கிரகணம் வராவிட்டால் அது எனக்குத் தெரிந்திருக்காது.

இலங்கைத் தொலைக்காட்சியான ரூபவாகினி வந்த காலம்தான் அந்தக் கடையின் பொற்காலம். சென்னைத் தொலைக்காட்சி 1975-லேயே தொடங்கிவிட்டது என்றாலும் எங்களுக்கு அது எட்டாது. கொடைக்கானல் கோபுரம் வருவதற்கு முந்திய ஆண்டுகள் அவை. 1982 பிப்ரவரி 15-ஆம் தேதி இலங்கையில் ரூபவாகினி தொடங்கியது. கொஞ்ச நாளில் தூத்துக்குடியில் படம் தெரிகிறது என்று லாரிக்காரர் ஒருவர் சொன்னார். மாமா அன்றிரவு தூங்கவில்லை என்று அத்தை சொன்னாள்.

அப்புறம் நடந்ததெல்லாம் வேலை. அலுமினியக் குழாய்களை வெட்டி ஆன்டெனா செய்தார். அலையின் நீளத்தில் பாதி இருக்கவேண்டும் ஒரு குழாய். அதற்குப் பின்னால் கொஞ்சம் நீளமானது ஒன்று. முன்னால் கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டையானவை. மில் ஃபிட்டர் அளந்து அறுத்துக் கொடுத்தார். அவர் கையில் அரைக்கால் அங்குலம் பிசகாது. மாடியில் கம்பம் நட்டு, தென்கிழக்கைப் பார்த்துத் திருப்பி, ரிப்பன் ஒயரை இறக்கி, பூஸ்டர் வைத்து, அதை ஒரு பழைய டயனோரா கருப்பு வெள்ளைப் பெட்டியில் மாட்டினார்கள். முதலில் எறும்பு ஊர்வதுபோலப் புள்ளிகள். மாடியில் ஒருவர் கம்பத்தைத் திருப்ப, படியில் ஒருவர் நின்று சத்தம் கடத்த, கீழே நான் "இன்னும், இன்னும்" என்று கத்திக்கொண்டிருந்தேன். புள்ளிகளுக்குள்ளிருந்து ஒரு பெண்ணின் முகம் வந்தது. சிங்களத்தில் செய்தி வாசித்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை புரியவில்லை. தெருவே கடைக்குள் வந்துவிட்டது.

சார்தான் சிக்கலைக் கிளப்பினார். ரூபவாகினியின் பெரிய கோபுரம் பீதுருதாலகால மலையில் இருக்கிறது. இலங்கையின் மிக உயரமான சிகரம் அது, 2,524 மீட்டர். அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தாலும் பூமியின் வளைவு சுமார் 180 கிலோமீட்டரில் கண்ணை மறைத்துவிடும். கோவில்பட்டி அங்கிருந்து 400 கிலோமீட்டர். தொலைக்காட்சி அலையோ ஏறத்தாழ நேர்கோட்டில் போகிறது. சிலேட்டில் வட்டம் வரைந்து, மலையை வரைந்து, கோடு இழுத்துக் காட்டினார். கோடு எங்கள் தலைக்கு மேலே எங்கேயோ போனது. "கணக்குப்படி இந்தப் படம் வரக்கூடாது" என்றார். பெட்டியில் படம் வந்துகொண்டிருந்தது.

மாமாவுக்கு அது பெரிய சந்தோஷத்தைக் கொடுத்தது. வரவேண்டியது வராவிட்டால் ரிப்பேர். வரக்கூடாதது வந்தால் அதைவிடப் பெரிய விஷயம். ஒரு நோட்டுப் போட்டார். எந்தெந்த நாள் படம் தெளிவு, எந்தெந்த நாள் இல்லை, அன்றைக்குக் காற்று எப்படி, வெயில் எப்படி என்று என்னை எழுதச் சொன்னார். கோடையில் காற்று அடங்கிப் புழுங்கும் சாயங்காலங்களில் முகம் கண்ணாடி மாதிரி தெரிந்தது. ஆனி ஆடியில் மேல்காத்து வீசத் தொடங்கியதும் வெறும் புள்ளி. நோட்டின் பக்கங்களில் இது தானாகத் தெளிந்து வந்தது. ஏன் என்றுதான் யாருக்கும் தெரியவில்லை.

பதில் தூத்துக்குடியிலிருந்து வந்தது. கப்பலில் வயர்லெஸ் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர் ரேடியோ பழுது பார்க்கக் கொண்டுவந்தார். நோட்டைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். மன்னார் வளைகுடாவில் இது மாலுமிகளுக்குப் பழகிய விஷயம் என்றார். கரையிலிருந்து போகும் சூடான உலர்ந்த காற்று கடலின்மேல் போர்வையாகப் படுத்துக்கொள்ளும். அதற்குக் கீழே குளிர்ந்த ஈரக்காற்று. இரண்டும் கலக்காமல் அடுக்காக நிற்கும்போது, மேலே தப்பிக்கப் பார்க்கிற அலை வளைந்து கீழேயே திரும்பிவிடும். அப்படியே பூமியின் வளைவை ஒட்டி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடும். பலத்த காற்று வீசினால் அடுக்கு கலைந்துபோகும், அலையும் போய்விடும். "உங்க கரிசக்காட்டுல கானல் பாத்ததில்லையா? அங்க ஒளி வளையுது. இங்க இந்த அலை வளையுது. அங்க சூடு கீழ இருக்கதால மேலாக்க வளையும், கடல்ல சூடு மேல இருக்கதால கீழாக்க வளையும். அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார்.

சித்திரை வெயிலில் பருத்திக்காட்டுப் பாதையில் தண்ணீர் நிற்பதுபோலத் தெரியும் கானலை நாங்கள் எல்லாரும் பார்த்தவர்கள்தான். அதுவும் மாமா வீட்டு மாடியில் வந்து இறங்கிய சிங்களச் செய்தியும் ஒரே காரணத்தின் இரண்டு முகங்கள் என்று கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நான் பின்னால் தொலைபேசித் துறை வேலைக்குப் பரீட்சை எழுதியதற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

1983 ஜூலையில் இலங்கையில் தமிழர்களுக்கு எதிராக நடந்த கலவரத்துக்குப் பிறகு அந்தப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்த கூட்டத்தின் முகம் மாறிவிட்டது. ரூபவாகினியின் தமிழ்ச் செய்தியைக் கேட்டுவிட்டு, அதில் சொல்லாமல் விட்டது என்ன என்று வேறு வானொலிகளில் தேடுவார்கள். கொழும்பில் கடை வைத்திருந்த உறவுக்காரர்கள் எங்கள் ஊரிலும் சிலருக்கு இருந்தார்கள். படம் தெளிவாக வந்த இரவுகளில் யாரும் சந்தோஷப்படவில்லை.

அந்த ஆண்டில் வரத்தொடங்கிய ஜூனியர் விகடனில் பிற்பாடு எழுத்தாளர் சுஜாதாவின் அறிவியல் கேள்வி-பதில் பகுதி ‘ஏன்? எதற்கு? எப்படி?’ வந்தது. கேள்வி கேட்பவர்கள் எங்களைப் போன்ற சின்ன ஊர்க்காரர்கள். பதில் சொன்னவர் பெங்களூரில் பொறியாளராக இருந்தவர். பெஞ்சில் அதைச் சத்தமாக வாசிப்பது என் வேலை. 1987-லிருந்து துளிர் என்ற அறிவியல் இதழும் வந்தது. மாமா பதிலை ஒத்துக்கொண்டாலும் ஒருமுறை செய்து பார்த்துவிட்டுத்தான் பக்கத்தைப் புரட்டவிடுவார்.

1995 செப்டம்பர் 21, வியாழக்கிழமை. அப்போது நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலையில் இருந்தேன். காலையில் டியூட்டிக்குள் நுழைந்தபோதே வெளியூர் லைன்கள் எல்லாம் பிஸி. தீபாவளியும் இல்லை, பொங்கலும் இல்லை. எஸ்டிடி பூத்களில் வரிசை. என்ன என்று விசாரித்தால், பிள்ளையார் பால் குடிக்கிறார். டெல்லியில் விடிவதற்குமுன் தொடங்கிய செய்தி மத்தியானத்துக்குள் நாடு முழுக்கப் போய்விட்டது. அன்றைக்கே லண்டன் சவுத்ஹால் கோயிலிலும் வரிசை நின்றது. இன்டர்நெட் எங்கள் ஊருக்கு வராத காலம். ஒரு செய்தி எப்படி ஓடுகிறது என்பதைச் செய்தியாகக் கேட்காமல், நெரிசலாக என் கண்ணால் பார்த்த நாள் அது.

சாயங்காலம் கடைக்குப் போனேன். மாமா பக்தியுள்ளவர். செண்பகவல்லி அம்மனைக் கும்பிடாமல் கடை திறந்ததில்லை. தெருமுனைப் பிள்ளையாருக்கு அவரும் ஒரு கரண்டி பால் கொடுத்துவிட்டு வந்திருந்தார். பால் இறங்கியது என்று சொன்னார். ஆனால் பூசாரியிடம் கேட்டுக்கொண்டு இரண்டாவது கரண்டிப் பாலில் மஞ்சள் கலந்து கொடுத்திருக்கிறார். கருங்கல்லின்மேல் தும்பிக்கையிலிருந்து வயிறுவரை மெல்லிய மஞ்சள் கோடு ஓடியது தெரிந்ததாம். டெல்லியில் விஞ்ஞானிகளும் சாயம் கலந்த பாலால் இதையேதான் செய்துகாட்டினார்கள் என்று மறுநாள் பேப்பரில் படித்தோம். கரண்டி நிறைந்திருக்கும்போது பால் விளிம்புக்கு மேலே லேசாகக் குவிந்து நிற்கும். பரப்பு இழுவிசை அதைப் பிடித்து வைத்திருக்கிறது. கல் தொட்டதும் அந்தப் பிடி உடைந்து, பால் கல்லின்மேல் படலமாகப் படர்ந்து இறங்குகிறது. கழுவித் துடைத்த சிலையில் நன்றாக இறங்கியது, எண்ணெய்க்காப்பு ஏறிய சிலையில் அவ்வளவாக இறங்கவில்லை என்பதையும் மாமா கவனித்திருந்தார்.

"மத்த கல்லுல பாக்கணும்லா" என்றேன். வீட்டுக்குப் போனோம். ஆச்சி அப்போது இல்லை. அவளுடைய அம்மி இருந்தது. கழுவி, அதன் விளிம்பில் கரண்டியைத் தொட்டேன். அம்மியும் பால் குடித்தது. மாமா அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு எழுந்தார். அவருக்கு அதில் எந்த முரணும் இருக்கவில்லை. மறுநாளும் தெருமுனைப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுத்தான் கடை திறந்தார்.

மூலிகைப் பெட்ரோல் வந்தது அடுத்த வருடம். இதைச் சொல்ல எனக்கு இப்போதும் கொஞ்சம் வலிக்கிறது. ராஜபாளையம் பக்கத்துக் கிராமத்து இளைஞர் ஒருவர், இலையையும் பட்டையையும் தண்ணீரில் கொதிக்கவைத்து, இன்னும் சிலதைச் சேர்த்துக் கலக்கி, எரிகிற எண்ணெய் எடுக்கிறார் என்று செய்தி. மிகக் குறைந்த செலவில். ராஜபாளையம் எங்களுக்கு பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடுகிற ஊர். வானம் பார்த்த பூமி. வேலை தேடிப் பிள்ளைகள் வெளியூர் போய்க்கொண்டிருந்த காலம். இங்கிருந்து ஒருவன், காலேஜ் வாசல் மிதிக்காதவன், உலகத்தையே மாற்றப்போகிறான் என்றால் யாருக்குத்தான் நெஞ்சு விம்மாது? பெஞ்சில் ஃபிட்டருக்குக் கண் கலங்கிவிட்டது. மில்லில் ஆள் குறைத்தபோது வேலை போய், சைக்கிள் கடை வைத்திருந்தார் அப்போது.

மருந்து அண்ணாச்சி மட்டும் ஒரே கேள்வி கேட்டார். "எட போட்டாகளா?"

அவர் வாழ்க்கை முழுக்க எடைதான். தீக்குச்சி மருந்தில் குளோரேட் இருக்கிறது, கந்தகம் இருக்கிறது, வஜ்ரப் பசை இருக்கிறது. குளோரேட்டும் கந்தகமும் காய்ந்த நிலையில் உரசினால் ஆள் மிஞ்சமாட்டார். அதனால் ஈரமாகத்தான் கலப்பார்கள். காலையில் எடுத்த எடை, சாயங்காலம் மிஞ்சிய எடை, குச்சியில் ஏறிய எடை, மூன்றும் சரியாக இருந்தால்தான் வீட்டுக்குப் போவார். அதனால் அவருக்கு அந்தக் கேள்வி இயல்பாக வந்தது. பாத்திரத்தில் போட்ட தண்ணீர் எவ்வளவு, இலை எவ்வளவு, கலக்குகிற குச்சியின் எடை முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு, வந்த எண்ணெய் எவ்வளவு. ஆசாரி உடனே ஆமோதித்தார். சார் இன்னொன்று சொன்னார். தண்ணீர் என்பது ஹைட்ரஜன் எரிந்து முடிந்த பொருள். அதிலிருந்து மறுபடி எரிபொருள் எடுக்கவேண்டும் என்றால், அது எரிந்தபோது வெளியே விட்ட சக்தி முழுவதையும் திரும்பக் கொடுக்கவேண்டும். ஒரு பிடி இலையில் அவ்வளவு இருக்காது.

ஃபிட்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "நம்மூருப் பிள்ள ஒருத்தன் ஜெயிக்கட்டுமே. அதுக்குள்ள தராசத் தூக்கிட்டு வந்துட்டிய" என்றார்.

மாமா அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நம்மூருப் பிள்ளங்கிறதுக்காகத்தான் கேக்கோம். டெல்லிக்காரன் கேக்கதுக்கு முந்தி நாம கேட்டுருக்கணும்."

நான் இதைப் பலமுறை யோசித்திருக்கிறேன். ஒரு செய்தியைச் சோதிக்கிறவர்களை நம்பிக்கை இல்லாதவர்கள் என்று நினைக்கிறோம். அந்தப் பெஞ்சில் மிகவும் ஆசைப்பட்டவர்கள்தான் மிகவும் கறாராகக் கேட்டார்கள். வேண்டாத விஷயத்தை யார் எடை போடப்போகிறார்கள்? அந்த ஆண்டே விஞ்ஞானிகள் முன்னிலையில் சோதனை நடந்தது. அவர்களே கொடுத்த பாத்திரத்தையும் கலக்குகிற குச்சியையும் வைத்துச் செய்தபோது எரிபொருள் வரவில்லை. செய்தி வந்த அன்று மருந்து அண்ணாச்சி பேப்பரை மடித்து வைத்துவிட்டார், ஒன்றும் பேசவில்லை. ஃபிட்டர் கொஞ்ச நாள் கடைப் பக்கம் வரவில்லை. பிறகு வந்தார். மாமாதான் அவருக்கு டீ சொன்னார்.

மருந்து அண்ணாச்சி போய்விட்டார். ஆசாரி மகளோடு மதுரைக்குப் போனார். கடை இப்போது மாமா மகனுடையது. செல்போன், ரீசார்ஜ், கண்ணாடி ஒட்டுவது. மாமா ஒரு ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். 2016 நவம்பரில் பழைய நோட்டுகள் செல்லாதென்று அறிவித்து, புதிய 2,000 ரூபாய் நோட்டு வந்தபோது, அதில் நானோ ஜிபிஎஸ் சிப் இருக்கிறது, பூமிக்கடியில் 120 மீட்டர் ஆழத்தில் புதைத்தாலும் சாட்டிலைட் கண்டுபிடித்துவிடும் என்று எல்லார் போனிலும் செய்தி ஓடியது. கடைக்கு வந்த ஒருவர் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்.

மாமா நோட்டை வாங்கி விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். "சரி, இருக்குன்னே வச்சுக்கிடுவோம். கரண்டு எங்க இருந்து வருது? ஆன்டெனா எங்க?" என்றார். ஜிபிஎஸ் சாட்டிலைட்டுகள் 20,000 கிலோமீட்டருக்கு மேலே சுற்றுகின்றன. அவை நேரத்தைச் சொல்லிக்கொண்டே போகின்றன, அவ்வளவுதான். கேட்கிற கருவிதான் தன் இடத்தைக் கணக்கிட்டுக்கொள்கிறது. சாட்டிலைட்டுக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. நோட்டு தன் இடத்தைத் திரும்பச் சொல்லவேண்டும் என்றால் அதற்குத் தனியாக ஒரு டிரான்ஸ்மிட்டர் வேண்டும். மண்ணோ உலோகமோ குறுக்கே வந்தால் அலை என்ன ஆகும்? "பாத்துருவோமே" என்று எழுந்தார்.

பேத்தியிடம் எவர்சில்வர் தூக்குவாளி கொண்டுவரச் சொன்னார். தன் பழைய டிரான்சிஸ்டரில் திருநெல்வேலி நிலையத்தை வைத்து, பாட்டு ஓடும்போதே வாளிக்குள் இறக்கி மூடினார். பாட்டு செத்துப்போய் வெறும் இரைச்சல் கேட்டது. திறந்தார், பாட்டு வந்தது. சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னவர் தானே மூடியைப் போட்டும் திறந்தும் பார்த்தார்.

பேத்தி அப்போது ஏழாம் வகுப்பு. தன் அப்பாவின் செல்போனை எடுத்து அதே வாளிக்குள் போட்டு மூடிவிட்டு, என் போனை வாங்கி அதற்கு அழைத்தாள். வாளிக்குள்ளே மணி அடித்தது.

கடையில் ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. மாமாவின் முகத்தில் ரூபவாகினி வந்த நாளின் அதே வெளிச்சம். "வரக்கூடாதே" என்றார். வாளியைக் கையில் எடுத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். வானொலியின் மத்திய அலைக்கு நீளம் சில நூறு மீட்டர். செல்போன் அலைக்கு ஒரு சாண், ரெண்டு சாண். வாளியின் மூடி எங்கேயோ சரியாக உட்காராமல் நீளவாக்கில் மெல்லிய இடுக்கு விடுகிறது. பெரிய அலைக்கு அது அடைத்த கதவு, சின்ன அலை நுழைந்துவிடும் என்று நான் சொல்லத் தொடங்கினேன். இத்தனை வருடம் தொலைபேசித் துறையில் இருந்தவள். மாமா என் பேச்சைக் கையால் நிறுத்தினார்.

"சொல்லாத. மூடியச் சுத்தி அலுமினியத் தாள ஒட்டிட்டுக் கூப்பிடச் சொல்லு" என்றார். பக்கத்து பரோட்டாக் கடையிலிருந்து தாள் வந்தது. பேத்தி இடுக்கு தெரியாமல் இறுக்கிச் சுற்றினாள். அழைத்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று பெண் குரல் சொன்னது. ஒரு பக்கம் மட்டும் விரலளவு கிழிக்கச் சொன்னார் மாமா. மணி அடித்தது. குறுக்குவாக்கில் கிழித்தால்? இன்னும் சின்னதாகக் கிழித்தால்? மண்பானைக்குள் வைத்தால்? தாள் தீர்ந்துவிட்டது. சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னவரே எழுந்து இன்னொரு சுருள் வாங்கப் போனார்.